தொய்வு நோயும் தணிப்பு மருந்தும்

உணவின்றிப் பல நாள் வாழ்தல் கூடும். நீரின்றிச் சில நாள் வாழ்தலுங் கூடும். மூச்சின்றிச் சில நிமிடந்தானும் வாழ்தல் இயலாது. இவ்வுண்மையை நாம் நாடோறும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமலே நிகழ்வது மூச்சின் இயல்பாதலின், அது தடைப்படும்வரை அதன் அருமை நமக்குத் தோன்றுவதில்லை. ஆயின், தொய்வு நோயால் வருந்துவோன் அதனை எண்ணாத நாளில்லை. நள்ளிரவில் விழித்தெழுந்து, பாயில் இருந்தபடியே இரு கைகளையும் முன்னே ஊன்றி, தோள்களை உயர்த்தி, நெஞ்சு சீழ்க்கையிட, ஒவ்வொரு மூச்சையும் உழைத்துப் பெறவேண்டியவனாய் அவன் இருக்கின்றான். அவ்வேளையில் அவன் கை தலைமாட்டிலுள்ள சிறிய நீலநிறக் கருவியைத் தேடுகின்றது. அதிலுள்ள மருந்தை உள்ளிழுத்த சில நிமிடங்களில் நெஞ்சின் இறுக்கந் தளர்கின்றது. நோயாளனும் உறங்கிப் போகின்றான்.

இத்துணை விரைவில் இத்துணை ஆறுதல் அளிக்கும் மருந்துகள் மிகச் சிலவே. எனினும், இவ்வின மருந்துகளின் வரலாற்றில் இருமுறை, இளைஞர் பலர் தம் கையில் மருந்து இருக்கவே உயிர்நீத்த துயர நிகழ்ச்சிகள் நேர்ந்துள்ளன. உயிர் காக்கும் மருந்து உயிர்க்கு இடர் விளைப்பது எங்ஙனம்? அவ்விடரைத் தவிர்த்து அதன் முழுப் பயனையும் பெறுவது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

ஆஸ்மா என மேல்நாட்டார் வழங்கும் நோயையே நம்மவர் தொய்வு என்றும், முட்டு என்றும், இழுப்பு என்றும் வழங்குவர். ஆஸ்மா என்பது கிரேக்கச் சொல். மூச்சிரைத்தல் என்பது அதன் பொருள்.

தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் நெஞ்சினுள் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மேலும் மேலும் இவ்விரண்டாகக் கிளைத்துச் செல்கின்றது. தலைகீழாய் நிற்கும் மரமொன்றின் கிளைகளை இஃது ஒக்கும். ஏறத்தாழ இருபத்துமூன்று முறை இவ்வாறு கிளைத்தபின், காற்றானது சுவாசப்பையின் நுண்ணிய அறைகளை அடைகின்றது. அங்கேதான் ஒட்சிசன் குருதியிற் கலக்கின்றது. குழாய்களின் சுவரிலே நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்றசை வளையமாகச் சூழ்ந்துள்ளது. அதன் உட்புறத்தே மெல்லிய சவ்வு போர்த்திருக்கின்றது.

தொய்வு நோயில் இக்குழாய்கள் மூன்று வகையாற் குறுகுகின்றன. முதலாவது, மென்றசை இறுகிக் குழாயை நெரிக்கின்றது. இரண்டாவது, உட்சவ்வு அழற்சியுற்று வீங்குகின்றது. மூன்றாவது, தடித்த சளி சுரந்து எஞ்சிய வழியையும் அடைக்கின்றது. இம்மூன்றனுள் அழற்சியே அடிப்படை. நோயாளன் நலமாய் இருக்கும் நாட்களிலும் அவ்வழற்சி சாம்பல் மூடிய தணல்போல மறைந்திருக்கின்றது. தூசியோ, புகையோ, சளிக்காய்ச்சலோ, குளிர்ந்த காற்றோ, கடுமையான ஓட்டமோ அதனைத் தூண்டியவுடன் தசை இறுகி மூச்சு முட்டுகின்றது.

இப்பகுப்பை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனில், மூச்சுக்குழல் விரிக்கும் மருந்து இம்மூன்றனுள் முதலாவதையே நீக்க வல்லது. தசையை அது தளர்த்தும், வீக்கத்தை வற்றச் செய்யாது, அடைத்த சளியை அகற்றாது, அழற்சியை ஆற்றாது. வீட்டினுள் தீப்பற்றிய வேளையில் யன்னலைத் திறந்தால் புகை வெளியேறும், உள்ளிருப்போர் மூச்சுவிடலாம். ஆயின் தீ அவியவில்லை. யன்னலைத் திறந்தோம், இனி அச்சமில்லை என்று உறங்கப் போவோனின் நிலையே, தணிப்பு மருந்தை மட்டும் நம்பியிருப்போனின் நிலையுமாகும்.

மருந்து பிறந்த வரலாறு

மூச்சுக்குழலை விரிக்கும் பொருள்களை மனிதர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இந்தியாவிலே ஊமத்தையை உலர்த்திப் புகைத்தல் தொய்வுக்கு மருந்தாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை இந்தியாவிலிருந்து பிரித்தானியாவுக்குச் சென்றது. ஊமத்தையில் உள்ள அத்திரோப்பீன் என்னும் பொருள் தசையைத் தளர்த்துவது உண்மையே. ஆயினும் அது சித்தத்தை மயக்கும் நஞ்சுமாதலின், அதனை இன்று எவரும் கையாளலாகாது. தாமும் தொய்வு நோயாளராயிருந்த ஹென்றி ஹைட் சோல்ற்றர் என்னும் ஆங்கில மருத்துவர் 1860இல் எழுதிய நூலிலே கடுங்கோப்பியைச் சிறந்த மருந்தாகப் போற்றினார். கோப்பியிலுள்ள கபீன், தியோபிலின் என்னும் மருந்தின் இனத்தது. சீனர் மா ஹுவாங் என்னும் பூண்டை மருந்தாகக் கொண்டனர். அதிலிருந்து எபெதிரின் என்னும் பொருளை யப்பானியராகிய நாகாய் நாகயோஷி 1885இற் பிரித்தெடுத்தார். 1924இல் சென், ஷ்மிற் என்னும் இருவரின் ஆராய்ச்சியால் அது மேல்நாட்டு மருத்துவத்திற் புகுந்தது.

சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பியினின்று பெறப்பட்ட அதிரனலின் 1901ஆம் ஆண்டளவில் தூயதாய்ப் பிரிக்கப்பட்டது. 1903இல் நியூயோர்க்கில் அதனை ஊசிமூலம் ஏற்றித் தொய்வைத் தணித்தனர். அதிரனலினோடு உறவுடைய ஐசோபிரெனலின் 1940ஆம் ஆண்டளவில் செயற்கையாக ஆக்கப்பட்டது. இவை மூச்சுக்குழலை விரித்தபோதிலும் இதயத்தையும் விரைந்து துடிக்கச் செய்தன. இதற்குக் காரணம் யாதென்பது பின்னரே தெளிவாயிற்று. அதிரனலினை ஏற்கும் வாங்கிகள் உடலில் இருவகைப்படும் என அல்குவிஸ்ற் என்னும் அமெரிக்கர் 1948இல் நிறுவினார். அவற்றுள் பீற்றா எனப்படுவனவும் இருவகையின என்பதும், ஒரு வகை இதயத்திலும் மற்றொரு வகை மூச்சுக்குழற் றசையிலும் மிக்குள்ளன என்பதும் 1967இல் விளங்கின. மூச்சுக்குழலிலுள்ள வாங்கியையே பெரிதுந் தூண்டும் மருந்தைத் தேடிய இங்கிலாந்து ஆராய்ச்சியாளர், டேவிட் ஜாக் என்பாரின் தலைமையிற் கண்டெடுத்ததே சல்பியூற்றமோல். அது 1969இல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் நீலநிறக் கருவியில் இருப்பது பெரும்பாலும் இதுவே.

கருவியின் பிறப்பும் சுவையானது. அமெரிக்காவில் மருந்து நிறுவனமொன்றின் தலைவராயிருந்த ஜோர்ஜ் மெயிசன் என்பாரின் மகள் தொய்வு நோயினள். கண்ணாடிக் குமிழை நசுக்கி மருந்தைத் தூவும் தொல்லையில் வெறுப்புற்ற அச்சிறுமி, தலைமயிருக்குத் தெளிக்கும் நறுமணக் குப்பிபோல இம்மருந்தையும் ஏன் ஆக்கலாகாது எனத் தந்தையை வினவினாள். அவ்வினாவின் பயனாக, ஒவ்வோர் அழுத்தத்திலும் அளந்த மருந்தை வெளிவிடும் குப்பி 1956இல் விற்பனைக்கு வந்தது. அன்று தொட்டு நோயாளனின் சட்டைப்பையிலே மருத்துவம் குடியேறிற்று.

இரு துயரங்கள்

சட்டைப்பையில் மருந்து வந்தது நன்மையே. ஆனால் அதனோடு ஒரு மயக்கமும் வந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1960ஆம் ஆண்டின் பின்னர்த் தொய்வினால் நேரும் சாவுகள் திடீரெனப் பெருகலாயின. பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரிடையே இச்சாவு வீதம் 1966இல், ஏழாண்டுகளுக்கு முன் இருந்ததனைப்போல ஏறத்தாழ எண்மடங்காயிற்று. அவ்வயதினரிடை நிகழ்ந்த எல்லாச் சாவுகளிலும் நூற்றுக்கு ஏழு தொய்வினால் நேர்ந்தவை. நம் கல்லூரியில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் மாணவரின் வயது அதுவென்பதை எண்ணுக. அவுத்திரேலியா, நியூசீலாந்து முதலிய நாடுகளிலும் இத்தகைய பெருக்கங் காணப்பட்டது.

ஆராய்ந்தபோது, அந்நாடுகளில் ஐசோபிரெனலினை வழக்கமான அளவின் ஐம்மடங்காகச் செறித்த கருவிகள் பரவியிருந்தமை வெளிப்பட்டது. அச்செறிந்த வகை விற்கப்படாத அமெரிக்காவில் இவ்வாறான பெருக்கம் நிகழவில்லை. பிரித்தானியாவிலே 1967இல் மருத்துவருக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது, 1968இல் வைத்தியரின் சீட்டின்றி அதனை விற்றல் நிறுத்தப்பட்டது, சாவுகளும் குறைந்தன. மருந்து இதயத்தைத் தாக்கியதோ, தற்காலிக ஆறுதலை நம்பி நோயாளர் வைத்தியசாலைக்குச் செல்லக் காலந்தாழ்த்தினரோ என்பதுபற்றி அறிஞரிடையே வாதம் நிகழ்ந்தது. இரண்டும் கூடியிருத்தலும் இயல்பே.

இப்பாடம் மறக்கப்பட்டதுபோலும்! நியூசீலாந்தில் 1976இல் பெனோற்றரோல் என்னும் புதிய தணிப்பு மருந்து அறிமுகமாயிற்று. அதன் ஒரு தூவலில் 200 மைக்கிரோகிராம் இருந்தது. சல்பியூற்றமோலின் ஒரு தூவலில் உள்ளதோ 100 மைக்கிரோகிராம். அவ்வாண்டு முதல் அந்நாட்டு இளைஞரின் தொய்வுச் சாவுகள் மீண்டும் உயர்ந்தன. வெலிங்டன் நகர ஆராய்ச்சியாளர் 1989இல் அம்மருந்துக்கும் சாவுகளுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டபின் சாவுகள் விரைந்து குறைந்தன.

அவை பழைய மருந்துகள்; இன்றைய மருந்தோ இதயத்துக்குப் பெரிதும் தீங்கற்றது; ஆதலின் நமக்கென்ன என்று சிலர் கருதலாம். அது பொருந்தாது. ஐக்கிய இராச்சியத்தில் நிகழ்ந்த தொய்வுச் சாவுகளை ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. இறந்தோருள் தணிப்பு மருந்து பெற்றுவந்த 165 பேரில் 65 பேர், அஃதாவது நூற்றுக்கு 39 பேர், இறப்பதற்கு முந்திய ஓராண்டிற் பன்னிரண்டுக்கு மேற்பட்ட தணிப்புக் கருவிகளைப் பெற்றிருந்தனர். மருந்து அவர்களைக் கொன்றது என்பது இதன் பொருளன்று. அத்துணை மருந்து வேண்டியிருந்ததே நோய் முற்றியமைக்கு அடையாளம். அவ்வடையாளத்தை அவர்தாமும் பிறரும் உரிய காலத்திற் கண்டுகொள்ளாமையே துயரம்.

தணிப்பும் தடுப்பும்

நிற்க. தொய்வுக்குரிய மருந்துகளை இரு கூறாகப் பிரித்தறிதல் வேண்டும். முட்டு வந்தபோது தசையைத் தளர்த்துவது தணிப்பு மருந்து. முட்டு வராமலே அழற்சியை ஆற்றி வைப்பது தடுப்பு மருந்து. பெக்குளோமெதசோன் முதலிய ஸ்ரெரொயிட்டு மருந்துகள் உள்ளிழுக்கும் வடிவில் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. இவை 1972 முதல் வழக்கிலுள்ளன. தணிப்பு மருந்தின் பயன் சில நிமிடங்களில் தோன்றி நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மறையும். தடுப்பு மருந்தின் பயனோ நாட்கள், வாரங்கள் கழிந்தே தோன்றும். இதனாற்றான் நோயாளர் முன்னதைக் கைவிடாமற் பற்றிக்கொண்டு, பின்னதைப் பயனற்றதென எறிந்துவிடுகின்றனர். ஆயின் உயிரைக் காப்பது பின்னதே. கனடாவில் நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, குறைந்த அளவான உள்ளிழுப்பு ஸ்ரெரொயிட்டுக் கருவிகளை ஆண்டிற் பயன்படுத்தும் தொகை ஒவ்வொன்றாய் உயர உயர, தொய்வால் இறக்கும் வீதம் ஐந்திலொரு பங்களவு குறைகின்றதெனக் காட்டிற்று.

தணிப்பு மருந்தை நாடோறும் இடையறாது பயன்படுத்தினால், மூச்சுக்குழற் றசையிலுள்ள வாங்கிகள் அதற்கு மெல்ல மெல்லச் செவிசாயாதனவாகின்றன. குழல்களோ தூண்டுதலுக்கு முன்னிலும் எளிதில் இறுகுகின்றன. இவற்றையெல்லாம் ஆராய்ந்தே, தொய்வு மருத்துவத்துக்கு உலகளாவிய வழிகாட்டுதல் வழங்கும் கீனா என்னும் அமைப்பு 2019இல் ஒரு பெரும் மாற்றத்தை அறிவித்தது. வளர்ந்தோருக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட இளைஞருக்கும், நோய் எத்துணை மென்மையாயினும், சல்பியூற்றமோல் போன்ற குறுங்காலத் தணிப்பு மருந்தைத் தனியே கொடுத்தல் இனித் தகாது. அழற்சியை ஆற்றும் ஸ்ரெரொயிட்டும் ஏதேனுமொரு முறையில் அதனோடு சேர்தல் வேண்டும் என்பதே அது. ஸ்ரெரொயிட்டோடு போமொற்றரோல் என்னும் நீண்டகால விரிப்பு மருந்தைச் சேர்த்த கருவியொன்றையே தணிப்புக்கும் தடுப்புக்கும் பயன்படுத்தும் முறை இன்று சிறந்ததாகக் கருதப்படுகின்றது. நீண்டகால விரிப்பு மருந்துகளைத் தொய்வு நோயாளர் ஸ்ரெரொயிட்டின்றித் தனியே ஒருபோதும் கொள்ளலாகாது.

நோய் அடங்கியுள்ளதா என்பதனை அறிய எளிய அளவுகோல் ஒன்றுண்டு. வாரத்தில் இருமுறைக்கு மேல் தணிப்பு மருந்து வேண்டியிருப்பின், நோய் நன்கு அடங்கவில்லை என்க. 200 தூவல் கொண்ட கருவி ஆண்டிற்கு மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்தால், கடும் முட்டு வரும் அபாயம் கூடுகின்றது. மூன்று கருவி என்பது சராசரி நாளொன்றுக்கு இரண்டு தூவலுக்குங் குறைவானது. அதுவே எச்சரிக்கைக்குப் போதும். ஆண்டிற்குப் பன்னிரண்டு தீர்ந்தால், சாவின் அபாயமே கூடுகின்றது. ஆதலின் ஒவ்வொரு கருவியிலும் அதனைத் தொடங்கிய திகதியை எழுதிவைத்தல் நன்று. அச்சிறு குறிப்பு வைத்தியருக்குப் பல வினாக்களின் விடையைத் தரும்.

பயன்படுத்தும் முறை

மருந்து நல்லதாயினும் முறை பிழைத்தால் அது தொண்டையோடு நின்றுவிடும். செம்மையாகப் பயன்படுத்தினுங்கூட, அழுத்தக் குப்பியிலிருந்து வரும் மருந்தில் ஒரு சிறு பங்கே சுவாசப்பையை அடைகின்றது. எஞ்சியது வாயிலும் தொண்டையிலும் படிகின்றது. எனவே, பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க. மூடியைக் கழற்றிக் கருவியை நன்கு குலுக்குக. புதிய கருவியாயின், அல்லது பல நாள் பயன்படாது கிடந்ததாயின், இரண்டொரு முறை காற்றில் தூவிப் பார்க்க. நிமிர்ந்திருந்து மூச்சை முற்றாக வெளிவிடுக. கருவியின் வாயை உதடுகளால் இறுகப் பற்றுக. மெதுவாக மூச்சை உள்ளிழுக்கத் தொடங்கும் அக்கணத்திலேயே குப்பியை ஒருமுறை அழுத்தி, தொடர்ந்து ஆழமாக உள்ளிழுக்க. பின்னர்ப் பத்து விநாடி மூச்சை அடக்கி, மெதுவாக வெளிவிடுக. இரண்டாவது தூவல் வேண்டின், அரை நிமிடமாவது பொறுத்து, மீண்டுங் குலுக்கி முன்போலச் செய்க. இரு தூவலை ஒருங்கே அழுத்துதல் வீண். தடுப்பு மருந்தாயின், முடிவில் வாயை நீரால் அலம்பி உமிழ்க. இன்றேல் வாயில் வெண்படை தோன்றும்.

தூள் வடிவிலான மருந்தை உறிஞ்சும் கருவிக்கு முறை வேறு. அதில் மெதுவாக அன்றி, வலிந்தும் விரைந்தும் இழுத்தல் வேண்டும். கருவிக்குள் மூச்சை ஊதலாகாது.

அழுத்துவதையும் இழுப்பதையும் ஒருங்கியையச் செய்தல் சிறுவருக்கும் முதியோருக்கும் அரிது. அவர்க்கெனவே குப்பிக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் இடைக்கலம் உள்ளது. அதனுள் ஒரு தூவலை விட்டு, ஐந்தாறு முறை இயல்பாக மூச்சுவிட்டாற் போதும். மருந்து தொண்டையிற் படிவது குறைந்து சுவாசப்பையை அடைவது கூடும். விலை கொடுத்து வாங்க இயலாதோரும் மனந்தளர வேண்டுவதில்லை. தென்னாபிரிக்காவின் கேப் நகரில் நடத்தப்பெற்று 1999இல் வெளியான ஆராய்ச்சியில், 500 மில்லிலீற்றர் கொண்ட வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில், கருவியின் வாய் இறுகப் பொருந்தும்படி துளையிட்டு, இடைவெளியை ஒட்டி அடைத்துப் பயன்படுத்தினர். விலையுயர்ந்த இடைக்கலத்தோடு ஒத்த பயனை அது தந்தது. இடைக்கலத்தைச் சவர்க்கார நீரில் அலசி, துணியால் துடையாது காற்றில் உலரவிடுக. துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

குப்பியை நீர்ப்பாத்திரத்தில் மிதக்கவிட்டு மருந்து உண்டா இல்லையா எனப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுக. மருந்து தீர்ந்த பின்னரும் அதனை உந்தும் வாயு எஞ்சியிருத்தலின், அத்தேர்வு பொய்க்கும். தூவல்களை எண்ணுதலே தகுந்த வழி.

குளிசையும் பிற மருந்துகளும்

கருவியைக் கண்டு அஞ்சிக் குளிசையை நாடுவோர் நம்மிடையே பலர். பம்ப் பிடித்தால் அது பழகிவிடும், பின்னர் விடமுடியாது என்பர். இது பிழையான எண்ணம். உள்ளிழுக்கும் மருந்து மதுவைப்போலவோ அபினைப்போலவோ மனிதனை அடிமை கொள்வதன்று. நோய் நெடுங்காலம் நிற்பதனாற்றான் மருந்தும் நெடுங்காலம் வேண்டப்படுகின்றது. கணக்கும் இதனையே காட்டும். சல்பியூற்றமோற் குளிசையொன்று 4 மில்லிகிராம் ஆயின், அது 100 மைக்கிரோகிராம் தூவல் நாற்பதுக்குச் சமம். அது குடலிற் கரைந்து குருதி வழியே உடலெங்குஞ் சென்று, கையை நடுங்கச் செய்து, நெஞ்சைப் படபடக்கச் செய்து, அரைமணி நேரமளவில் மெல்லவே மூச்சுக்குழலை அடைகின்றது. கருவியின் ஒரு தூவலோ நேரே வேண்டிய இடத்தைச் சேர்கின்றது. கூடிய அளவில் இம்மருந்து குருதியிலுள்ள பொற்றாசியத்தைக் குறைத்து இதயத்தின் ஒழுங்கைக் குலைக்கவும் வல்லது.

தியோபிலின் குளிசையில் இன்னும் விழிப்பு வேண்டும். அதன் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. எரித்திரோமைசின், சிப்புரோபுளொக்சசின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகளை அதனோடு சேர்த்து உட்கொண்டால், குருதியில் அதன் அளவு உயர்ந்து, வாந்தியும், இதயத் துடிப்பின் குலைவும், வலிப்பும் நேரலாம். ஆகவே, புதிய மருந்து எதனை வாங்கும்போதும், தாம் முன்னரே உட்கொள்ளும் மருந்துகளை வைத்தியருக்கு ஒளியாது கூறுதல் வேண்டும்.

தொய்வு நோயாளருக்கு ஒவ்வாத மருந்துகளும் உள. குருதி அழுத்தம், ஒற்றைத் தலைவலி, கைநடுக்கம் முதலியவற்றுக்குக் கொடுக்கப்படும் புரொப்பிரனலோல் மூச்சுக்குழல் வாங்கிகளை அடைத்துக் கடும் முட்டை விளைக்கலாம். கண்ணின் நீரழுத்த நோய்க்கு இடும் திமொலோல் துளிகளும் இத்தன்மையனவே. கண்ணில் விட்ட துளி நெஞ்சை இறுக்கும் என எவர் நினைப்பர்? அஸ்பிரினும் அவ்வினத்து நோவு மருந்துகளும் சிலருக்கு ஆகா.

மூச்சுமுட்டு யாவும் தொய்வன்று என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. நெடுநாள் புகைத்தோருக்கும், விறகடுப்பின் புகையில் ஆண்டுக்கணக்காய் உழன்ற தாய்மாருக்கும் வரும் நாட்பட்ட சுவாசத்தடை நோய் வேறு. இதயந் தளர்வதனால் வரும் இளைப்பு வேறு. அவற்றின் மருத்துவமும் வேறு. அயலவர் ஒருவரின் கருவி தமக்குச் சுகந் தந்தது கொண்டு தாமே நோயை உறுதிசெய்தல் பேதைமை.

அபாய வேளையில்

கடும் முட்டு வந்தால் நோயாளனைக் கிடத்தாது நிமிர்த்தி இருத்துக. இறுகிய உடைகளைத் தளர்த்துக. இடைக்கலம் இருப்பின் அதன் வழியாக, ஒவ்வொன்றாய் நான்கு தூவல் கொடுக்க. ஒவ்வொரு தூவலுக்கும் நான்கு முறையேனும் மூச்சிழுக்கச் செய்க. நான்கு நிமிடம் பொறுத்தும் தணியாவிடின் மீண்டும் நான்கு தூவல் கொடுக்க. அதன்பின்னும் தணியாவிடின் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுக; வழியிலும் இவ்வாறே கொடுத்துச் செல்லுக. நம் நாட்டில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலம் பாரித்தல், சோர்ந்து மயங்குதல் என்னும் இவை தோன்றினால் காத்திராது உடனே புறப்படுக. இன்னொன்று மிக முக்கியமானது. இரைந்துகொண்டிருந்த நெஞ்சின் சீழ்க்கை, நோயாளன் சோர்ந்திருக்கும் நிலையிலே திடீரென அடங்கினால், நோய் தணிந்தது என மயங்கற்க. ஒலி எழுப்பும் அளவுக்குத்தானும் காற்றுச் செல்லவில்லை என்பதே அதன் பொருள். மருந்து தணித்தாலும், நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் அது வேண்டியிருப்பின், அன்றே வைத்தியரை நாடுக.

கல்லூரியும் மாணவரும்

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று விண்ணப்பஞ் செய்தல் தகும். தணிப்புக் கருவியை அலுவலக அலுமாரியிற் பூட்டிவைத்து, வேண்டியபோது வந்து பெறுக என மாணவனுக்குக் கூறுதல் சில இடங்களில் வழக்கமாய் உள்ளது. நன்மை கருதியே அவ்வாறு செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் முட்டு வந்தவன் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து அலுவலகத்துக்கு ஓடமுடியாது. திறப்பு வைத்திருப்பவர் அவ்வேளை இல்லாதிருக்கவுங் கூடும். பயன்படுத்தத் தெரிந்த மாணவன் அதனைத் தன்னிடமே வைத்திருத்தல் வேண்டும். சிறியோரின் கருவி வகுப்பாசிரியரின் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். கூட்டித் துப்புரவு செய்யும் தூசியினின்றும் வெண்கட்டித் தூளினின்றும் அத்தகைய மாணவரை விலக்கி இருத்துதலும் நன்று.

நோயாளனை விளையாட்டினின்று முற்றாக விலக்குதல் வேண்டுவதன்று. நோய் அடங்கியிருப்பின் அவன் பிறரைப்போல் ஓடலாம்; வைத்தியர் விதித்தபடி ஓட்டத்துக்கு முன் மருந்தை இழுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓடும்போதெல்லாம் இருமுவோனை, சோம்பலால் சாக்குச் சொல்கின்றான் எனக் கடிந்துகொள்ளற்க. அவ்விருமலே நோயின் முதற் குரலாக இருக்கலாம்.

நம் சமய மரபிலே பிராணாயாமம் உயர்ந்த இடம் பெற்றது. அது தொய்வை நீக்குமா எனப் பலர் வினவுவர். மூச்சுப் பயிற்சி நோயாளனின் பதற்றத்தைக் குறைத்து, நாளாந்த வாழ்வை இலகுவாக்க உதவுமென ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆயின் குழலின் அழற்சியை அது நீக்குமென அவை காட்டவில்லை. எனவே மருந்தோடு பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். மருந்துக்கு மாற்றாக அதனைக் கொள்ளலாகாது.

முடிவாக, சொல்லியவற்றைத் தொகுத்து நோக்குவோம். தணிப்பு மருந்து அஞ்சத்தக்கதன்று. முட்டு வந்தபோது அதனைத் தயங்காது கையாளுதல் வேண்டும். ஆனால் அது நோயைத் தீர்க்கும் மருந்துமன்று. அடிக்கடி அதனை நாடவேண்டியிருத்தல் ஓர் அறிகுறி. அவ்வறிகுறியைக் கண்டு தடுப்பு மருந்தை ஒழுங்காகக் கைக்கொள்வோன் நீலநிறக் கருவியைத் தேடவேண்டிய இரவுகள் குறையும். தன் கருவி எத்தனை நாளிற் தீர்ந்தது என எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஒன்றே பல உயிர்களைக் காக்க வல்லது. இக்கட்டுரையை வாசிக்கும் மாணவருள் எவரேனும் இன்று வீடு சென்று, தம்முடைய கருவியையோ, தாயினது கருவியையோ, தம்பியினது கருவியையோ கையிலெடுத்து, இது எப்போது தொடங்கியது என ஒரு வினாவை எழுப்புவராயின், இதனை எழுதியதன் பயன் நிறைவெய்தும்.